பொழுது சாய்வதற்கு முன்

ரத்னமாலாவின் நாக்கு செத்து மூன்று மாதமாகிறது. தொண்டைப் புற்றுக்கு முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு. ஊர்வாயில் அதற்குப் பெயர் கரண்ட் வைப்பது. கட்டி கரைந்தது, கூடவே எச்சிலும் வற்றியது. தயிர்சோறு காகிதமாக இருந்தது, பாயசம் பசையாக இருந்தது. கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் நாலு வார்த்தை பேச முடியாது. ஆப்பசோடாவும் உப்பும் கலந்து நாளைக்கு ஆறு தடவை கொப்பளித்தாள். செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண் அவள். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை தொடமாட்டாள். ராத்திரியில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது வடிகட்டிய தண்ணீர் மட்டும் ஒரு மடக்கு. அதற்கே மனசுக்குள் பத்து தடவை மன்னிப்புக் கேட்பாள்.

எடை நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. "நாப்பதுக்குக் கீழ போனா மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் ஆகணும்மா" என்று விழுப்புரம் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ட்யூபோடு இருந்தவர்களை அவள் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பைப் பார்த்ததில்லை.

அங்கே சிரித்தவள் சௌந்தரம் ஒருத்திதான். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரி. மெஷின் அறைக்கு வெளியே பெஞ்சில் தினமும் இவள் பக்கத்தில் உட்காருவாள். ஒருநாள் கேட்டாள்:

"யக்கா, நெத்திலி கருவாட்டுக் கொழம்பு வெச்சாங்க, மண்ணு மாதிரி கீது. எனக்கு ஒண்ணு ஆயிட்டா உன் நாக்கைக் குடுப்பியா? ஒரு வாய் ருசி பாத்துக்கறேன்."

"ஐயே, கருவாடா! என் நாக்கு மட்டும் என்ன வாழுதாம்? எடுத்துக்கினு போ" என்று ரத்னமாலா சிரித்தாள். வாக்குக் கொடுக்கிறோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முதல் தடவை அது வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பொழுது சாய அரைமணி இருக்கும்போது. திண்டிவனம் வீட்டுக் கூடத்தில் கேப்பைக் கூழோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நாக்கில் ருசி. உப்பு, புளி, அதற்கும் அடியில் பிறந்ததிலிருந்து அவள் அறியாத ஏதோ ஒன்று. காரம் இருந்தது, ஆனால் எரியவில்லை. வாய் ஊறியது. மூன்று மாதமாகச் சுரக்காத எச்சில்! பயமாக இருந்தது. ஆனாலும் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. கூழ் முழுவதும் இறங்கிவிட்டது.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. யாரோ தன் வாய்க்குள் உட்கார்ந்து நிதானமாக மெல்லுவது போலிருக்கும். அவள் தாடை அசையாதபோதும் அந்த மெல்லல் நிற்காது. அப்படியும் அவள் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கினாள். "என்னா, இன்னிக்கி ரெண்டு கிண்ணமா?" என்று புருஷன் ஜினசந்திரன் பூரித்துப்போனார். அவரிடம் என்னவென்று சொல்வது?

நாலு வாரம் கழித்து விழுப்புரத்தில் எடை பார்த்தபோது நாற்பத்திரண்டு. "இதே மாதிரி இன்னும் ஒரு மாசம் சாப்பிட்டா ட்யூப் வேணாம்மா" என்றார் டாக்டர். திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. ரோட்டோர ஓட்டலில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. ஜினசந்திரன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஜல்தி எடுக்க மாட்டானா வண்டிய? கருவாட்டு நாத்தம் கொடலப் புடுங்குது."

ரத்னமாலா ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தாள். அவர் மூக்கில் ஏறிய அதேதான் இத்தனை நாளும் அவள் நாக்கில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சௌந்தரத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது மருமகள் காயத்ரி.

"அத்தை தவறிட்டாங்கம்மா. நாளையோட முப்பது நாள் ஆவுது."

ரத்னமாலாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு மடக்குக் குடித்ததும் அழுகைதான் வந்தது. காயத்ரியே தொடர்ந்தாள்.

"கடைசியா கருவாட்டுக் கொழம்புக்குத்தான் ஏங்குனாங்க. அதான் படத்துக்கு மின்னாடி தெனம் வெச்சிக்கினு வர்றோம். வெளக்கு வெச்சப்புறம்தான் படைக்கறது எங்க வழக்கம். ஆனா அத்தை சாகறதுக்கு மின்னாடியே சொல்லிட்டாங்க, பொழுதோட வெச்சிடணும், இருட்டுனா அந்த அக்கா சாப்பிட மாட்டாங்கன்னு. எந்த அக்கான்னு கேட்டதுக்கு சொல்லல. நாளையோட நிறுத்திடலாம்னு இருக்கோம்."

ரத்னமாலா ஜன்னலைப் பார்த்தாள். வெயில் எதிர்ச்சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஜினசந்திரன் குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரும் தங்கள் வாயில் விழுந்து சாகக்கூடாது என்று தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தார். சரிம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

அப்போது அது வந்தது. வாய் ஊறியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பசியாக இருந்தது.

"நிறுத்தாதம்மா" என்றாள், புருஷன் காதில் விழாதபடி. "இன்னும் ஒரு மாசம் வை. நேத்து மட்டும் கொழம்புல உப்பு ஜாஸ்தி."

காயத்ரி மெல்லக் கேட்டாள்.

"அத்தை?"