கூடத்தில் குடியேறிய நெத்திலி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாடி வீட்டு ஜன்னல் வழியாக நெத்திலிக் கூட்டமொன்று உள்ளே வந்து, கூடத்துக் காற்றில் நீந்தத் தொடங்கியது. வீட்டுக்காரி மீன் ஆராய்ச்சி நிலையத்தில் நெத்திலிகளை இனம் பிரிக்கிறவள். அவள் பதறவில்லை, மின்விசிறியை மட்டும் நிறுத்தினாள். விரல் நீள உடம்பு, விலாவில் வெள்ளிக் கோடு, வாயைத் தாண்டித் துருத்திய மூக்கு. வெயில் விழும் இடத்தில் வாயை ஆவென்று திறந்துகொண்டு, மிதக்கும் தூசியைச் செவுளில் வடிகட்டித் தின்றன. ஒரு மாதத்தில் அந்த வீட்டில் துடைப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனது.

அதே நிலையத்தில், அடுத்த அறையில், அவளுடைய அண்ணன் வேலை பார்த்தான். அவள் இரண்டு இனமாகப் பிரித்த நெத்திலிகளை ஒன்றுதான் என்று புத்தகத்தில் அச்சேற்றியவன். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அம்மாவின் சாவுக்குக்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

மழைக்காலத்தில் மீன்கள் முட்டையிட்டன. நீள்வட்டமாக, கண்ணாடிபோல முட்டைகள் சோபாவுக்கு மேலே மிதந்தன. அவள் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். சில முட்டைகளின் நுனியில் சிறு குமிழ், மற்றவை வழுவழு. ஒரே இனம் இரண்டு விதமாக முட்டையிடாது. யாருக்கும் சொல்லாமல் கட்டுரை எழுதி அண்ணனைக் கவிழ்த்திருக்கலாம். ஆனால் போனை எடுத்தாள்.

“அண்ணா, மீன் வந்திருக்கு. வந்து பாரு.”

“மார்க்கெட்லயா?”

“கூடத்துல.”

அவன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, தலைமுடிக்குள் மீன்கள் புகுந்து புறப்பட, லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தான். பகலெல்லாம் ஒன்றாகத் திரிந்த கூட்டம், முட்டையிடும் நேரம் வந்ததும் இரண்டாகப் பிரிந்தது. குமிழ் முட்டைக்காரர்கள் சமையலறைக்குப் போனார்கள். மற்றவர்கள் கூடத்திலேயே நின்றார்கள். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

“தப்பா எழுதிட்டேன்,” என்றான்.

“தெரியும்.”

“அம்மா போனப்பவே சொல்லியிருக்கணும்.”

“அப்ப உனக்கே தெரியாதே,” என்று அவனுக்கும் சேர்த்துச் சோறு வைத்தாள்.

புத்தகத்தின் மறுபதிப்பில் இனங்கள் இரண்டாயின. நெத்திலிக்கு ஆயுசு கம்மி. கிழடுகள் உதிர உதிரக் கண்ணாடிக் குஞ்சுகள் தலையெடுத்தன. ஞாயிறுதோறும் அண்ணன் பழைய பாய் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் தூசி பறக்க உதறுவான். கூட்டம் அவனை மொய்க்கும்.

கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள், காயப்போட்ட துணியில் செதில் ஒட்டுவதாகக் குறைப்பட்டார்கள். அவள் ஜன்னலுக்கு வலை அடித்தாள். அப்புறம் துணியில் செதில் ஒட்டவில்லை.