குதிரையும் ஏணியும்

துறைமுக யார்டில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை கண் பரிசோதனை. டாக்டரம்மா கையெழுத்துப் போடாவிட்டால் மறுநாளே கீழே இறங்கிக் கோடவுனில் பெட்டி அடுக்க வேண்டியதுதான்.

இளைய சகலை வெளியே பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்தான். மனைவியின் அக்கா புருஷனான மூத்த சகலையும் அதே யார்டில் கிரேன்காரர். முதலில் உள்ளே போய்விட்டு வந்தவர் காதைக் கடித்தார்.

"கண்ணாடி வச்ச பெட்டி ஒண்ணு இருக்கு. ஒரு கண்ணுக்குக் குதிரைப் படம், இன்னொண்ணுக்கு ஏணி. டாக்டரம்மா படத்தை மாட்டும்போதே பார்த்துட்டேன். குதிரை, பக்கத்துல ஏணி, ரெண்டும் ஆடாம அசையாம நிக்குதுன்னு சொல்லிடு."

"தெரியலேன்னா?"

"அதுக்குத்தானே சொல்லித் தர்றேன், சகலை."

இளைய சகலை உள்ளே போய்ப் பெட்டியில் முகத்தைப் பதித்தான். குதிரை. நல்ல கொழுத்த குதிரை. இரண்டு விநாடிதான், சொல்லாமல் கொள்ளாமல் அது போய் ஏணி நின்றது. ஏணியைப் பார்த்து முடிப்பதற்குள் மறுபடி குதிரை. நடுவில் ஒரு தடவை குதிரை வயிற்றில் இரண்டு படிகள் மட்டும் முளைத்து மறைந்தன. போச்சு, மூளையில் ஏதோ ஒயர் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டினான்.

"என்ன தெரியுது?"

"குதிரைங்க. பக்கத்துல ஏணி. ரெண்டும் ஆடாம அசையாம நிக்குது."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "உங்க சகலையும் வார்த்தை மாறாம இதைத்தான் சொன்னார். இப்படியே எழுதினா உங்க வேலை போயிடும். எழுதட்டுமா?"

அவ்வளவுதான், கொட்டிவிட்டான். மாறி மாறி வந்ததையும் வயிற்றில் முளைத்த படிகளையும்.

"அதுதாங்க நல்ல கண்ணு. மாமியார் வீட்ல இருக்கறது ஒரே நாற்காலி, மாப்பிள்ளைங்க ரெண்டு பேர். ஒருத்தர் உட்கார்ந்தா இன்னொருத்தர் எழுந்திருக்கணும் இல்லையா? மூளையும் அப்படித்தான், கொஞ்ச நேரம் இந்தப் படம், கொஞ்ச நேரம் அந்தப் படம். ஒரு கண்ணு மங்கிப் போனவங்களுக்குத்தான் ஒரே படம் நகராம நிக்கும்."

கையெழுத்து விழுந்தது. டாக்டரம்மா குதிரையையும் ஏணியையும் உருவி எடுத்துவிட்டு, ஒரு பக்கம் மீன், மறு பக்கம் குடை என்று படங்களை மாற்றினார்.

"சகலையை இன்னொரு தடவை அனுப்புங்க. படம் மாத்தினதைப் பத்தி நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

வெளியே வந்து, டாக்டரம்மா மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னதும் மூத்த சகலை எழுந்தார். "நான் சொன்ன மாதிரியே சொன்னியா?"

"சொன்னேன்."

"பாஸா?"

"பாஸ்."

"பின்னே? யார் சொல்லிக் கொடுத்தது?" சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். கதவு முழுசாகச் சாத்தவில்லை.

"மீனுங்க," என்றது அவர் குரல். கொஞ்சம் தயங்கியது. "பக்கத்துல ஏணி."

"ஏணியா? எத்தனை படி?"

"எட்டு."

இளைய சகலை வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டான்.

"வலது கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை எண்ணுங்க, பார்க்கலாம்," என்றார் டாக்டரம்மா.

"விளக்கை ஏங்க அணைச்சீங்க?" என்றது மூத்த சகலையின் குரல்.