சொல்லாத காயம்

என் மாமனார் பகவதிப்பெருமாளுக்குச் சாலைக் கடைத்தெருவில் மொத்த மளிகைக் கடை. கல்யாணச் சமையலுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் வாயால் சொல்வார்கள், அவர் பேனாவைத் தொடமாட்டார். எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது என்று பெருமை வேறு. கல்லூரியில் உளவியல் நடத்தும் எனக்கு அந்தப் பெருமையைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

அன்று காலை அக்ரஹாரத்துச் சமையற்காரர் சேஷன் வந்து சாம்பார்ச் சாமான் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்று கேட்ட மலையாளிக் கடையாள் சுஜித் எல்லாவற்றையும் கட்டி வண்டியில் ஏற்றினான். மாமா எட்டிப் பார்த்தார். பெருங்காயம் இல்லை.

"காயம் எங்கலே?"

"அவரு அது பறஞ்ஞில்லல்லோ, முதலாளி."

"என் காதால கேட்டேன். பொய்யா சொல்லுக? இனிமே கடைக்கு வராண்டாம்."

மதியம் சாப்பிட வந்தவர் இதை வீரமாகச் சொன்னார். சுஜித்தின் மனைவி நிறைமாதக்காரி.

மாமாவைச் சோதிக்கக் கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டுச் சொன்னேன்: "கட்டில், தலையணை, பாய், போர்வை, கொட்டாவி, கனவு, குறட்டை, இரவு. இதுல தூக்கம்னு சொன்னேனா மாமா?"

"சொன்னியே. கனவுக்கு அடுத்தாப்ல."

பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். பட்டியலில் தூக்கம் இல்லை.

வகுப்பில் சொல்வதையே அவரிடமும் சொன்னேன். சேர்ந்திருக்கும் சொற்களைக் கேட்டால், அவற்றோடு வழக்கமாக வருவதும் மனத்தில் தானாக எழும். காதில் விழுந்தது எது, உள்ளே எழுந்தது எது என்று பிறகு பிரிக்க வராது. பருப்பு, புளி, மல்லி, வெந்தயம், வற்றல் என்று கேட்கும் மளிகைக்காரருக்குக் காயம் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் மாமா" என்றேன்.

"தூக்கத்துல ஏமாந்தேன், சரி. இது சேஷன் குரல்லா கேக்குது!"

சேஷனுக்கே போன் போட்டேன்.

"காயமா? அதை நான் ஆத்துலேர்ந்துன்னா எடுத்துண்டு போவேன். கடையில வாங்கறதே இல்லையே" என்றார்.

மாமா சோற்றைப் பிசைந்தார்.

"ஸ்ரீப்ரியா, எனக்கு இப்பமும் கேக்குது மக்ளே."

"கேக்கும் மாமா. தெரிஞ்சதுனால அது போயிராது."

கையைக் கழுவிவிட்டு அவரே சுஜித்தைப் போனில் அழைத்தார்.

"லேய், அவரு காயம்னு சொன்னது என் காதுல இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. ஆனா அவரு சொல்லல்ல. நீ சாயங்காலம் கடைக்கு வா மக்கா."