பன்னிரண்டு மூட்டை

இப்போதெல்லாம் யாரும் முகத்துக்கு நேரே "நீ சொல்றது தப்பு" என்று சொல்வதில்லை. போனை எடுக்கிறார்கள், கட்டைவிரல் படம் ஒன்றைக் கீழ்நோக்கித் தட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஒழுங்காகச் சண்டை போடக்கூடத் துப்பில்லாமல் போய்விட்டது ஜனங்களுக்கு. லிப்ட்டுக்காரர் அப்படித்தான் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, காலையிலிருந்து சாப்பாட்டு மேசையில் போனோடும் நோட்டோடும் உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து வாசல், திரும்பவும் ஹால்.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றவளுக்கு நாற்பது வயதில் பௌதிகப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. போனில் 'ஏன் விழுது?' என்று ஒரு குழு. முகம் தெரியாத இருநூறு பேர். ஒருவர் கணக்கைப் போடுவார், பத்துப் பேர் அதைக் கிழிப்பார்கள். கிழிபட்டவரே கடைசியில் "இப்பத்தான் புரிஞ்சுது, நன்றி" என்பார். அடிபட்டவன் நன்றி சொல்வதை லிப்ட்டுக்காரர் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனாலேயே அந்தக் கூட்டத்தின் மேல் அவருக்குச் சந்தேகம்.

"இன்னைக்கு என்ன விழுது?" என்றார்.

"லிப்ட்டுப்பா. ஒருத்தர் லிப்ட்டுக்குள்ள எடை மெஷின் மேல நிக்கிறாரு. லிப்ட் மேல கிளம்புது. முள்ளு எவ்வளவு காட்டும்?"

"எந்த மடையன் லிப்ட்டுக்குள்ள எடை மெஷினத் தூக்கிட்டு வருவான்?"

"சும்மா வச்சுக்கிறதுதான்பா."

"போன வாரம் வழவழன்னு உராய்வே இல்லாத தரைன்னீங்க. அதுக்கு முந்தின வாரம் எடையே இல்லாத கயிறு. அந்தக் கயித்த எந்தக் கடையில விக்கிறான்? நானும் ஒரு சுருள் வாங்கிக்கிறேன்."

"வாங்குங்க. வாயக் கட்ட உதவும்" என்றாள் மனைவி, அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே.

"கேக்கிறதுன்னா நிஜத்தக் கேக்கணும்" என்று சீறினார் அவர். "என் லிப்ட்டக் கேளு. பாப்போம் உங்க சாமர்த்தியத்த."

சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று இருந்தது. ஆனால் மகள் அதற்குள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

நாற்பத்து நாலு வருஷத்துக்கு முந்தைய சங்கதி அது. துணி ஆலையில் சரக்கு லிப்ட் ஓட்டியது ரெண்டே வருஷம்தான். பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் இரண்டாம் மாடியில் நிறுத்தி, பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றார். லிப்ட் தானாக மேலே கிளம்பியது. போகப் போக வேகம். உச்சியில் போய் முட்டி, கூரைத் தகடு நசுங்கியது. உள்ளே பன்னிரண்டு மூட்டைத் துணி இருந்தது என்று எழுதிக் கொடுத்தார். மெக்கானிக் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு சரக்கோட பிரேக் நழுவினா கீழதான்யா போகும். நீ மேல போற பிடிய அழுத்திக்கிட்டே தூங்கியிருக்க" என்றான். அன்றோடு லிப்ட் வேலை போயிற்று. ஓய்வு பெறும்வரை அதே ஆலையில் கைவண்டி தள்ளினார். அவர் பேச்சைப் பொய் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். அந்த மச்சான் இன்று பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வருகிறார். வாசலில் கால் வைத்ததும் என்ன கேட்பார் என்பது வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஒரே ஒரு தடவை அந்த வாயை அடைத்துவிட்டால் போதும் என்றிருந்தது லிப்ட்டுக்காரருக்கு.

மகள் கேள்வியைப் போட்டாள். போன் துடிக்க ஆரம்பித்தது.

முதலில் ஒரு பேக்கரிக்காரரின் குரல், பின்னால் தட்டுகள் மோதும் சத்தத்தோடு: "லிப்ட் மட்டும் தனியாத் தொங்கலீங்க. கயித்தோட இன்னொரு முனையில இரும்பு தொங்கும். அதோட எடை என்னன்னு கேளுங்க."

"தொங்குச்சு, தொங்குச்சு" என்றார் லிப்ட்டுக்காரர். அவரையறியாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "கூண்டு எண்ணூறு கிலோ. இரும்பு ஆயிரத்து முந்நூறு. பலகையில எழுதியிருக்கும். தினம் பாத்தவன்."

மகள் எழுதி, குழுவிலும் போட்டாள். "கூண்டவிட இரும்புதான் கனம். அப்ப பிரேக் நழுவினா மேலதாம்பா போகணும்!"

"அப்படிப் போடு!" என்று எழுந்தார்.

போன் மறுபடி துடித்தது. ஒரு நர்ஸின் குரல், நிதானமாக: "அக்கா, அவசரப்படாதீங்க. மூட்டைய விட்டுட்டீங்க. ஒரு மூட்டை எவ்வளவு?"

"அம்பது" என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது. மகள் அதைத் தட்டியதும் நர்ஸின் குரல் மறுபடி வந்தது:

"பன்னிரண்டு அம்பது அறுநூறு. கூண்டோட சேத்தா ஆயிரத்து நானூறு. இரும்பு ஆயிரத்து முந்நூறுதான். அப்ப லிப்ட் கீழ போகணும். மூட்டை நிஜம்னா மேல போனது பொய். மேல போனது நிஜம்னா மூட்டை பொய். ஐயா ரெண்டுல ஒண்ண மறந்துட்டாருன்னு நினைக்கிறேன்."

கீழ்நோக்கிய கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. பதினேழு.

"நான் மறந்துட்டேனா? அந்தப் பொண்ணு அன்னைக்குப் பொறந்திருக்கவே மாட்டா!"

"அவங்க கணக்கு சரியாத்தான் இருக்குப்பா. நான்தான் பாதியில குதிச்சுட்டேன்." மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டுல எதுப்பா?"

அடுக்களையில் கத்திச் சத்தம் நின்றிருந்தது.

லிப்ட்டுக்காரர் பால்கனிக்குப் போனார். கொடியில் காய்ந்த துண்டை எடுத்தார், திரும்ப அதே கொடியில் போட்டார். அந்த மெக்கானிக்கை அவர் திட்டாத நாளில்லை. இப்போது பார்த்தால், எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு அவன் சொன்னது சரியான கணக்கு. படுபாவி, சரியாகச் சொல்லியிருக்கிறான்!

மனைவி பின்னால் வந்து நின்றாள். "சொல்லிடுங்களேன்."

"என்னத்த?"

"மூட்டை ஏது? ஒரு மூட்டையும் இல்ல, நான்தான் இருந்தேன். சரக்கு லிப்ட்டுல பொம்பளைய ஏத்தினது தெரிஞ்சா எனக்கும் ஆலையில வேலை போகும்னுதானே மூட்டைய எழுதினீங்க? மேல சரக்கு அறையில கிடந்த நூத்துக்கணக்கான மூட்டைய எவன் எண்ணப் போறான்னு நீங்கதான் சொன்னீங்க."

"கால் வலிக்குதுன்ன. ஏத்தினேன்."

"எனக்குக் காலெல்லாம் வலிக்கல."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கேட்க வாயெடுத்தார். அதற்குள் மணி அடித்தது.

மச்சான் உள்ளே வந்தார். எழுபத்தாறு வயது, சூப்பர்வைசர் நடை மட்டும் குறையவில்லை. "என்ன மாப்ளே, இன்னைக்கு மேலயா, கீழயா? உங்க கட்டடத்து லிப்ட் நல்ல பிள்ளை. பட்டன அழுத்தினாத்தான் கிளம்புது."

வழக்கமாக லிப்ட்டுக்காரர் ஏதாவது முணுமுணுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விடுவார். இன்று நின்றார்.

"மூட்டை இல்ல, மச்சான்."

"எந்த மூட்டை?"

"பன்னிரண்டு மூட்டை. ஒண்ணுகூட இல்ல. உங்க தங்கச்சி இருந்தா."

மச்சான் தங்கையைப் பார்த்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "கால் வலின்னு சொன்னேண்ணே."

"வலிச்சுதா?"

"இல்ல."

மகள் அதற்குள் தட்டியிருந்தாள்: மூட்டை இல்லை, ரெண்டு பேர், நூற்றுப்பத்து கிலோ. பேக்கரிக்காரரின் குரல் வெடித்தது: "அப்ப மேலதாங்க! எறிஞ்ச பந்து மாதிரி போயிருக்கும்! பிரேக்தான் போயிருக்கு, ஐயா மேல தப்பே இல்ல!" கட்டைவிரல்கள் இந்தத் தடவை மேல்நோக்கி. நர்ஸும் ஒன்று போட்டிருந்தாள்.

மச்சான் மெல்ல உட்கார்ந்தார். "தூங்கிட்டன்னு நான் கையெழுத்துப் போட்டேனே. அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா, அந்த மெக்கானிக்கப் பிடிச்சு பிரேக்கக் கழட்டிக் காட்டச் சொல்லியிருப்பேன். எத்தனை வருஷம் வண்டி தள்ளின நீ!"

"சொல்லியிருந்தா இவள எனக்குக் குடுத்திருப்பீங்களா?"

மச்சான் யோசித்தார். "மாட்டேன்."

"அப்ப சரி."

லிப்ட்டுக்காரர் செருப்பைத் தேடிக் காலில் நுழைத்தார்.

"அப்பா, எங்க கிளம்பிட்டீங்க? எல்லாரும் நீங்கதான் சரிங்கிறாங்க!"

"அரை மணி முன்னாடி கீழன்னான், இப்ப மேலங்கிறான். நான் ஏறினது ஒரே லிப்ட்டு. அது போனது ஒரே பக்கம். கேக்கிறவன் பேச்ச மாத்தினா பதிலும் மாறும்னா, அது என்ன படிப்பு?"

"நீங்க குடுத்த எடைதானே மாறிச்சு!"

"எடை போடாமலே எனக்குத் தெரியும்."

மச்சான் வந்த லிப்ட் அதே மாடியில் கதவு திறந்து காத்திருந்தது. அதைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து படிக்கட்டுதான். நாலு மாடி, ஒவ்வொரு படியிலும் முட்டி கடகடத்தது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று, மேலே யாருக்கும் கேட்காதபடி, ஆனால் அழுத்தமாகச் சொன்னார்:

"மூட்டை இருந்திருந்தாலும் மேலதான் போயிருக்கும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேற்கொண்டு இறங்கினார்.