தோல்கின் அகாவின் சுத்தமான கை

சிலான்சார் பகுதியின் அடுக்குமாடியில் கல்யாணம் என்றால் நாற்பது வீட்டுக்கும் அழைப்பு உண்டு. தோல்கின் அகா தன் மகள் கல்யாணத்துக்கு தன் வீடு போக முப்பத்தெட்டுக் கதவைத்தான் தட்டினார். விட்டுப்போனது நேர் எதிரே இருந்த ஹோசியத் ஓபாவின் கதவு. அந்த ஊரில் 'அகா' என்றால் அண்ணன், 'ஓபா' என்றால் அக்கா.

காரணம் மீன். அகாவின் கூடத்தில், கண்ணாடித் தொட்டியில் பன்னிரண்டு தங்கமீன்கள். பெற்ற மகளைக்கூட அவர் அத்தனை கொஞ்சியதில்லை. செவ்வாயன்று ஓபா எட்டிப் பார்த்து, "அடேயப்பா, என்னா கொழுப்பு!" என்றாள். வியாழனுக்குள் நான்கு மீன்கள் செத்து மிதந்தன. 'கண்ணு பட்டுடுச்சு' என்று அகா கீழே முற்றத்தில் ஒரு வார்த்தை விட்டார், அவ்வளவுதான். ஓபா முற்றத்தில் இறங்கினால் தாய்மார்கள் குழந்தை வண்டியின் திரையை இழுத்துவிட்டார்கள்.

ஆயுசு முழுக்க அடுத்தவர் கதையைச் சுமந்து திரிந்தவளுக்குத் தானே கதையானது பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சுடச்சுட ஒரு தட்டு சம்சாவோடு எதிர்க்கதவைத் தட்டினாள். சாப்பாட்டோடு வந்தவளை விரட்ட அகாவின் மனைவி பர்னோவுக்கு மனம் வரவில்லை.

உள்ளே திருஷ்டி கழிக்கும் புகை மண்டியிருந்தது. மிச்ச மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"மிச்சத்தையும் முழுங்க வந்தீங்களா ஓபா?" என்றார் அகா.

"முள்ளு அதிகம், எனக்கு வேணாம். நீங்க உங்க வேலையப் பாருங்க."

தொட்டியைத் துடைக்கும் நேரம் அது. அகா கிருமிநாசினி சோப்பை முழங்கை வரை நுரைக்க நுரைக்கப் பூசினார். விருந்துக்கு முன் ஊற்றுவதுபோலப் பர்னோ கூஜாவிலிருந்து மூன்றே தரம் நீர் வார்த்தாள். அவர்கள் வழக்கத்தில் மூன்று தரம்தான் முறை. ஈரக் கையை உதறுவதும் பாவம். துண்டில் கிருமி இருக்குமாம், அதனால் துடைக்கவும் மாட்டார். வழுவழுத்த கை அப்படியே தொட்டிக்குள் போனது. நீரின் மேல் மெல்லிய நுரை வளையம் ஒன்று விரிந்தது.

"இந்தச் சோப்பு எப்ப வந்துச்சு பர்னோ?"

"கல்யாண வீடாச்சே, சுத்தமா இருக்கணும்னு திங்கக்கெழம வாங்கினாரு."

"அகா, கைய எடுங்க. வெரல நக்குங்க."

"என்னது?"

"நக்குங்கன்னேன்!"

நக்கினார். முகம் கோணியது. கழுவுதொட்டிக்கு ஓடித் துப்பினார்.

"ஒரு நக்குக்கே நீங்க இந்த ஆட்டம் ஆடுறீங்க. அதுங்க நாலு நாளா அதுலதான் மூச்சு விடுதுங்க. என் கண்ணா கொன்னுச்சு? தொட்டிக்குள்ள கைய விடுறதுக்கு முன்னாடி சோப்பே வேணாம், வெறும் தண்ணியில நல்லா அலசுங்க. துடைச்சு முடிச்ச பெறகு சோப்பு போட்டுக்கிட்டு உங்க வயித்தக் காப்பாத்திக்குங்க."

அன்றே பாதி நீரை மாற்றினார்கள். ஒரு வாரம் ஒன்றும் சாகவில்லை. எட்டாம் நாள் அகா தொண்டையைச் செருமியபடி ஓபாவின் வாசலுக்கு வந்தார்.

"ஓபா, கல்யாணத்துக்கு..."

"இங்க வேணாம். கண்ணு பட்டுச்சுன்னு கீழ முற்றத்துலதானே சொன்னீங்க? அங்கயே நின்னு கூப்பிடுங்க."

அகா மூன்று மாடி இறங்கினார். பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் நின்று, "ஹோசியத் ஓபா! தப்பு என் கைமேலதான்! கல்யாணத்துக்கு வாங்க!" என்று கத்தினார்.

தன் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்த ஓபாவுக்கு நன்றாகவே கேட்டது. இன்னும் நாலைந்து வீட்டு ஜன்னல்கள் திறக்கவில்லை. அவையும் திறந்த பிறகு பதில் சொல்லலாம் என்று காத்திருந்தாள்.