கோடு படுக்கும் நேரம்

பேராசிரியர் ஆய்வக அறைக்குள் வந்தால் திரையில் கோடு படுத்துவிடுகிறது; டீ குடிக்கப் போனால் எழுந்துகொள்கிறது. முதலில் தற்செயல் என்றுதான் அந்த ஆய்வு மாணவி நினைத்தாள். மறுபடியும் அப்படியே நடந்தபோது அவர் வந்துபோகும் நேரத்தைக் குறித்துவைக்கத் தொடங்கினாள்.

குளிர்கலத்துக்குள் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி ஒன்று இருந்தது. தங்கம் என்று பெயர்தான், உள்ளே ஆயிரம் கோணல். எலக்ட்ரான்கள் முட்டி மோதிக்கொண்டுதான் போகும். முட்டுவதில் மோசமில்லை, எத்தனை முட்டினாலும் தன் அலையின் தாளத்தை எலக்ட்ரான் மறப்பதில்லை. வெப்பத்தின் நடுக்கம்தான் அதை மறக்கடிக்கிறது. ஆகவே குளிரக் குளிர ஞாபகம் நீள வேண்டும், அதைக் காட்டும் கோடு திரையில் ஏற வேண்டும். இங்கே ஏறவில்லை. ஓர் அளவுக்குக் கீழே எவ்வளவு குளிர்வித்தாலும் தட்டை. நடுக்கமெல்லாம் அடங்கிய பிறகும் எதுவோ மறக்கடிக்கிறது என்று பேராசிரியர் கட்டுரையே எழுதி முடித்துவிட்டார். ஓய்வு பெறப்போகும் மனிதர். பிறருடைய கண்டுபிடிப்புகளைச் சரிபார்த்தே காலத்தை ஓட்டியவருக்குத் தனக்கென்று ஒன்று கிடைத்திருந்தது. கால் தரையில் பாவவில்லை அவருக்கு.

சொன்னால் மனுஷர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஊரே சிரிக்கும். அவர் டீ குடித்துத் திரும்பியதும் கேட்டுவிட்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க பாக்கெட்ல போன் இருக்கா?"

கைபேசிக்கு அனுமதி இல்லை என்று கதவில் ஒட்டியவரே அவர்தான். கைபேசியின் ரேடியோ அலை, அளவெடுக்கும் கம்பிகள் வழியே கலத்துக்குள் இறங்கினால் போதும், எலக்ட்ரான்கள் சூடாகிவிடும். கலம் என்னவோ குளிர்ந்தே இருக்கும், வெப்பமானிக்கும் ஒன்றும் தெரியாது.

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. முகம் செத்துப்போனது.

"பொண்ணு என்கூட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போயிட்டா, தாயே. எப்பக் கூப்பிடுவாளோன்னு நாளெல்லாம் இதையே தடவிக்கிட்டிருக்கேன். உள்ள எடுத்துட்டு வர்றோம்னு மட்டும் தோணவே இல்ல பாரு."

"ஆஃப் பண்ணி வெச்சுட்டு ஒரு தடவை பாத்துடலாம் சார்."

"அது முடியாது." சொன்ன வேகம் அவருக்கே கூச்சமாக இருந்தது. "நான் வெளிய நிக்கிறேன். நீ அள. வர்றது எதுவானாலும் மறைக்காம சொல்லணும்."

அளந்தாள். புள்ளி புள்ளியாக வந்தது. அவர் தட்டை என்று எழுதிய இடத்தைத் தாண்டியும் கோடு ஏறிக்கொண்டே போனது. அத்தனை அழகான கோட்டை அவள் அதுவரை அளந்ததில்லை. பார்க்கப் பார்க்க அழுகையாக வந்தது.

எழுந்துபோய்க் கதவை லேசாகத் திறந்தாள். நடைவழியின் கோடியில் அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார், போன் காதில்.

"இல்லம்மா... நான்தான் தப்பாப் பேசிட்டேன். வெச்சுடாத... வெச்சுடாத, சொல்லு." இன்னொரு கை சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கலத்தை இன்னும் கொஞ்சம் குளிரவிட்டு, அடுத்த புள்ளியை எடுத்தாள். அதுவும் மேலேதான் விழுந்தது.