உருளைக்கிழங்கு முத்திரைத் தட்டு

என் மனைவி கெய்னர் போய்ச் சேர்ந்து பதினாறு மாதம் ஆன ஒரு காலையில், தேநீர்ப் பையைக் கோப்பையில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். அவள் குரல் நினைவுக்கு வரவில்லை. அவள் சொன்ன வார்த்தைகள் இருந்தன. சொல்லும்போது முகம் எப்படிப் போகும் என்பதும் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

வீடு முழுக்கத் தேடினேன். கேமராவைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் பெண் அவள். எங்கள் கல்யாண வீடியோவில் அவள் சம்மதம் சொல்லும் இடத்தில் அவளுடைய மாமா இருமுகிறார். அவள் கைபேசிக்குக் கூப்பிட்டால் "இப்போது பேச முடியாது, அப்புறம் கூப்பிடு" என்று ஒரு பதிவு வரும். அந்த எண்ணை ரத்து செய்தபோது அதுவும் போயிற்று. ரத்து செய்தது நான்தான். மாதா மாதம் எதற்கு வீண் செலவு என்று நினைத்தேன்.

அப்புறம்தான் இசைத்தட்டு ஞாபகம் வந்தது.

1992இல் நானும் என் சிநேகிதன் க்ளைவும் கான்வே தீவில் எங்கள் வீட்டு மாடியறையில் ஹார்ட்கோர் என்னும் வேக நடன இசையில் ஒரு தட்டு செய்தோம். அந்த வருடம் எஸ்ஸெக்ஸில் உபரியாக ஓர் அறை வைத்திருந்த எல்லோரும் செய்தார்கள். அடித்துத் துரத்தும் தாளம் வேண்டும், பியானோ வேண்டும், நடுவில் ஒரு பெண் குரலை வேகம் கூட்டி அணில் கத்துவது போல ஆக்கிப் போட வேண்டும். தாளமும் பியானோவும் எங்களிடம் இருந்தன. பெண் குரல் இல்லை. மற்றவர்கள் பழைய அமெரிக்கப் பாட்டுகளிலிருந்து திருடிக்கொள்வார்கள். எங்களிடம் பழைய அமெரிக்கப் பாட்டும் இல்லை. அந்த நேரம் பார்த்து கெய்னர் மாடிப்படிக்குக் கீழே நின்று எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அது நான்காவது தடவை. க்ளைவ் மைக்கைக் கதவுக்கு வெளியே நீட்டினான்.

முந்நூறு தட்டு அடித்தோம். பெயர் அச்சிடக் கையில் காசில்லை. நடுவில் வெறும் வெள்ளைத் தாள்தான். நான் ஓர் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் ஒரு கெட்டிலைச் செதுக்கி, மையில் தோய்த்து முந்நூறிலும் குத்தினேன். ஏன் கெட்டில் என்றால் எனக்குச் செதுக்க வந்தது அது ஒன்றுதான். காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு ரோம்ஃபர்டிலும் சௌத்தெண்டிலும் கடை கடையாகக் கொடுத்தோம். மிஞ்சிய பன்னிரண்டை கெய்னர் மின்னடுப்பில் வைத்து இளக்கி, பூந்தொட்டிகளாக வளைத்து, பள்ளிக்கூடச் சந்தையில் விற்றாள். கேட்காமல் தன் குரலை எடுத்ததற்காக ஒரு வாரம் என்னுடன் பேசாதவள் அவள். அந்தக் குரலைத் தானே உருக்கி விற்றதில் அவளுக்கு நல்ல திருப்தி.

ஸ்பெயினில் நீச்சல்குளம் கட்டிக்கொண்டிருக்கும் க்ளைவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவனிடம் ஒரு தட்டாவது இருக்குமா என்று கேட்டேன்.

"தொண்ணூத்திரண்டா? எனக்கு அந்த வருஷமே கிடையாதுடா ட்ரெவ். எம்பத்தொம்பதுல ஒரு கல்யாணத்துக்குப் போனேன், தொண்ணூத்தஞ்சுல ஒரு வாத்து கடிச்சுது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

"நாம ஒரு ரெக்கார்டு போட்டோம்டா."

"நல்லா இருந்துச்சா?"

கணினியில் தேடினேன். எங்கள் தட்டுக்குப் பெயர் கிடையாது. ஆனால் உலகம் அதற்குப் பெயர் வைத்திருந்தது: 'உருளைக்கிழங்கு'. சேகரிப்பவர்கள் அதைப் பற்றிக் கோயில் சிலையைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள். உயிரோடு இருப்பவை பதினொன்று என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எண், சொந்தக்காரர், எத்தனை கீறல் என்ற கணக்கு. கடைசியாக விற்ற விலையைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஜப்பானில் இரண்டு இருந்தன. ரேலியில் டெஸ்மண்ட் என்பவரிடம் இரண்டு இருந்தன. ரேலி என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம்.

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் அங்கே புல்வெளிப் பந்தாட்டச் சங்கத்தின் கூடத்தில் அவர்கள் கூடுவார்கள் என்று போட்டிருந்தது. போனேன். இருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒவ்வொருவரும் ஒரு தட்டை விளிம்பில் பிடித்து, மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பது போல விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் இந்த இசைக்குச் சேற்று வயலில் விடிய விடிய ஆடியவர்கள். இப்போது யாராவது இருமினால் திரும்பி முறைத்தார்கள்.

டெஸ்மண்ட் ஓய்வுபெற்ற தபால்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"என்ன பாக்குறீங்க, தலைவரே? வாங்கவா, விக்கவா?"

"ரெண்டும் இல்ல. ஒண்ணைக் கேக்கணும். உருளைக்கிழங்கு. நான்தான் அதைச் செஞ்சேன்."

தட்டுகள் எல்லாம் விளக்கிலிருந்து இறங்கின. பிறகு பின்னாலிருந்து ஒருவர், "இந்த வருஷத்துல இவரு மூணாவது ஆளு" என்றார்.

"போன தடவை வந்தவரு அழுதே காட்டினாரு. நல்ல நடிகன்."

"அவருக்கு டீயாவது குடுத்தோமே."

ஹோவெல் என்பவர் எழுந்து வந்தார். முன்னாள் வேதியியல் ஆசிரியர். அந்தப் பதினொன்றின் பட்டியலை எழுதியவர் அவர்தான். இப்படி வருகிறவர்களுக்கென்றே பத்துக் கேள்வி வைத்திருந்தார். தட்டின் எடை எத்தனை கிராம், பியானோ எத்தனையாவது நொடியில் வருகிறது, எந்தத் தொழிற்சாலையில் எந்தக் கிழமை அடித்தது. எனக்குப் பத்துக்கு மூன்று வந்தது.

"போன தடவை அழுதவருக்கு ஆறு வந்துச்சு" என்றார் ஹோவெல். "இதைச் செஞ்சது கவென்ட்ரில இருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அது எப்பவோ நிரூபணமான விஷயம்."

"நான் கவென்ட்ரிக்குப் போனதே இல்லைங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன். செஞ்சவங்க கவென்ட்ரி. நீங்க கவென்ட்ரி போனதே இல்ல. அப்புறம் எப்படி நீங்க செஞ்சிருக்க முடியும்?"

ஹோவெல் கேள்வித் தாளை மடித்தார்.

"சரி, கடைசியா ஒண்ணு. தட்டோட உள்விளிம்புல, பாட்டு முடியுற இடத்துல கையால கீறி எழுதியிருக்கும். என்னன்னு சொல்லுங்க."

எதையோ எழுதச் சொன்ன ஞாபகம் இருந்தது. என்ன என்று வரவில்லை. உதட்டைப் பிதுக்கினேன்.

"'மன்னிச்சுக்கோ ஜி.' யாரு அந்த ஜி? பதினாலு வருஷமா விவாதம் நடக்குது. இங்கிலீஷ் ஜி-யில ஆரம்பிக்கிற காட், கடவுள்னு ஒரு கட்சி, கிராவிட்டி, புவியீர்ப்புன்னு ஒரு கட்சி."

"கெய்னர். என் மனைவி. கேக்காம அவ குரலை எடுத்துட்டோம்."

"நான் சொன்னதுக்கப்புறம் யாரு வேணா சொல்லலாம்."

யாரோ சமையலறையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கும் கத்தியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். "செஞ்சவருதானே? முத்திரைல இருக்குற அந்த விண்கலத்தை மறுபடி செதுக்கிக் காட்டுங்க."

"அது விண்கலம் இல்ல. கெட்டில்."

சிரித்தார்கள். நான் செதுக்கினேன். முப்பது வருடத்தில் என் கை ஒன்றும் தேறியிருக்கவில்லை, அதே கோணல் மூக்கு வந்தது. மையில் தோய்த்துத் தாளில் குத்தினேன். ஹோவெல் பூதக்கண்ணாடியை எடுத்து அசல் முத்திரையின் படத்தோடு ஒப்பிட்டார். அருமையாக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அசலில் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், போலிகளில் அது இருக்காது, அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம் என்றார்.

"அது உருளைக்கிழங்கோட முளைக்கண்ணு. இந்தக் கிழங்குல அந்த இடத்துல கண்ணு இல்ல, அதுக்கு நான் என்ன பண்ண?"

"நான் பார்த்ததுலயே நல்ல போலி இது" என்று தீர்ப்புச் சொன்னார் ஹோவெல். அந்தத் தாளை மடித்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டார். போலிகளையும் அவர் சேகரிக்கிறாராம்.

நான் கோட்டை எடுத்துக்கொண்டேன். டெஸ்மண்ட் ஒரு கோப்பைத் தேநீரை என் கையில் வைத்தார்.

"நீங்க செஞ்சீங்களோ இல்லையோ, அதை விடுங்க. எதுக்காக அதைக் கேக்கணும்?"

சொன்னேன். காலையில் கோப்பையோடு நின்றதைச் சொன்னேன், இருமின மாமாவைச் சொன்னேன், எண்ணை ரத்து செய்ததைச் சொன்னேன். கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் தட்டுகளில் எதையோ தேடத் தொடங்கினார்கள்.

ஹோவெல்தான் முதலில் பேசினார். இந்த முறை மெதுவாக. "உங்க வருத்தம் புரியுதுங்க. ஆனா அந்தக் குரல் டெட்ராய்ட்ல பாடின ஒரு அம்மாவோடது. அதைப் பத்தி ஆயிரத்து இருநூறு வார்த்தை எழுதியிருக்கேன்."

"முப்பத்துமூணுல போடுங்க. டெட்ராய்ட்டா கான்வேயான்னு தெரிஞ்சுரும்."

நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்ற வேண்டிய தட்டை முப்பத்துமூன்றில் போடுவது. திருமண விருந்தில் தட்டில் காலை வைத்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடப் போட்டதில்லையா?"

"எதுக்குப் போடணும்? மெதுவா கேக்கணும்னா நாங்க ஜாஸ் சேத்திருப்போமே."

டெஸ்மண்ட் தன் பெட்டியைத் திறந்தார். இரண்டு உருளைக்கிழங்கில் ஒன்று பலமுறை ஓடித் தேய்ந்தது. குரல் வரும் இடத்தில் தொண்ணூற்று மூன்றில் யாரோ சிகரெட்டை அணைத்திருந்தார்கள், ஊசி அங்கே போனதும் துள்ளிவிடும். மற்றது ஊசியே படாதது. உலகத்தில் ஊசி படாத உருளைக்கிழங்கு அது ஒன்றுதான். அவர் அதை உறையிலிருந்து எடுத்தார்.

"டெஸ்மண்ட், யோசிச்சுக்கோ" என்றார் ஹோவெல். "ஒரு தடவை ஊசி இறங்குச்சுன்னா இறங்குனதுதான். அப்புறம் அது பத்தோட பதினொண்ணு."

"பதினொண்ணுதானே இருக்கு" என்றார் டெஸ்மண்ட்.

மேசையிலிருந்த தட்டு இயந்திரத்தை முப்பத்துமூன்றுக்கு மாற்றி, ஊசியை வைத்தார். தாளம் மாடிப்படியில் ஏறும் கிழட்டு யானை போல வந்தது. பியானோ தண்ணீருக்கடியில் வாசிப்பது போல இருந்தது. பிறகு குரல் வந்தது. கனத்த குரல். லாரி ஓட்டுகிற அவளுடைய அண்ணன் பேசுவது போல இருந்தது.

"கடைசியா கேக்குறேன். கீழ வர்றியா, நாய்க்குப் போடவா?"

யாரும் சிரிக்கவில்லை. வார்த்தை அவளுடையது. குரல் அவளுடையது இல்லை. க்ளைவ் அன்று அளவு பார்த்தா வேகம் கூட்டினான், காதுக்குப் பட்டபடி கூட்டினான். அதனால் இப்படி ஆயிற்றா, அல்லது அவள் இப்படித்தான் பேசினாளா, எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டதா.

"இது அவ இல்ல" என்றேன். "கிட்டத்துல இருக்கு. ஆனா அவ இல்ல."

டெஸ்மண்ட் இயந்திரத்தின் ஓரத்தில், வேகத்தை இம்மி இம்மியாகக் கூட்டும் குமிழில் விரலை வைத்தார். "இங்க அவங்களைத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். நான் நகத்துறேன். வந்ததும் சொல்லுங்க."

அந்தக் கேள்வி தட்டில் பதினாறு முறை வருகிறது. ஒவ்வொரு முறைக்கும் அவர் ஒரு முடியளவு நகர்த்தினார். கீழ வர்றியா. அண்ணன் மெல்ல மெல்ல விலகினான். நாய்க்குப் போடவா. யாரோ ஓர் அத்தை வந்தாள். கீழ வர்றியா. எங்கள் தெருமுனை மருந்துக்கடைப் பெண் வந்தாள். எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்தாவது முறை தாண்டியபோது, தவறான இடத்தில் நிறுத்திவிட்டு மிச்ச வாழ்க்கை முழுவதும் வேறொருத்தியின் குரலை வைத்துக்கொண்டிருப்பேனோ என்று பயம் வந்தது.

பன்னிரண்டாவது முறை, நாய்க்கு என்ற சொல்லுக்கு முன்னால் மூக்கால் விடும் ஒரு சின்ன மூச்சு கேட்டது. அது எல்லா முறையும் இருந்திருக்க வேண்டும். இந்த முறைதான் அதில் கோபம் இருந்தது. என் மேல் மட்டும் வருகிற கோபம்.

"இதுதான்" என்றேன்.

டெஸ்மண்ட் விரலை எடுத்துவிட்டார். மீதி நான்கு முறையும் கெய்னர் கேட்டாள். நாங்கள் இருபத்தியோரு பேரும் நின்றுகொண்டு கேட்டோம்.

ஹோவெல் கண்ணாடியைக் கழற்றினார். "டெட்ராய்ட்ல இப்படிப் பேசமாட்டாங்க" என்றார்.

டெஸ்மண்ட் குமிழ் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்து, தட்டின் உறை மேலேயே எழுதினார்: முப்பத்துமூன்று, கூட்டல் ஏழு. உறையில் பென்சில் பட்டால் மதிப்பில் ஒரு படி போயிற்று. பின்னால் இரண்டு பேர் வலித்தது போல மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவர் எழுத்தை அழுத்தியே எழுதினார்.

ஹோவெல் தன் நோட்டைத் திறந்தார். "பதிவுக்காகக் கேக்குறேன். அன்னைக்கு நீங்க கீழ போனீங்களா?"

"இல்ல. பியானோவை முடிச்சுட்டுப் போலாம்னு இருந்துட்டோம்."

"அப்ப சாப்பாடு?"

"நாய் சாப்பிட்டுச்சு."

"என்ன சாப்பாடு?"

"சாஸேஜ். ஆளுக்கு மூணு."

"ஆறையுமா?"

"ஆறையும். மறுநாள் அது ஒண்ணும் சாப்பிடல."

ஹோவெல் அதையும் எழுதிக்கொண்டார். டெஸ்மண்ட் ஊசியைத் தூக்கி, யாரையும் கேட்காமல், மறுபடி ஆரம்பத்தில் வைத்தார்.